கார்ப் பாதைக்கு அடியில்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பெங்களூரில் ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் எஸ்டிமேட் போடும் வேலையில் இருந்தேன். கையில் சிவில் டிப்ளமா. ஜீவனஹள்ளியிலிருந்து பஸ் பிடித்து, டேப்பும் நோட்டுமாகப் புதுப்புது லேஅவுட்டுகளுக்குப் போவேன். கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை கார் ஏறும் பாதைக்கும் தோட்டத்து நடைபாதைக்கும் அடியில் எவ்வளவு ஜல்லி வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டும். நீளம், அகலம், கனம் பெருக்கி, ரோலர் ஓடினால் அமுங்கும் என்பதற்காகக் கால் பங்கு கூட்டிக்கொள்வேன். கணக்கு சுலபம். மண்ணைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

அந்த வீட்டில் நான் மண்ணைச் சரியாகப் பார்க்கவில்லை. வெயிலில் சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க, பாதை வரவேண்டிய இடத்தில் பத்தடிக்கு மட்டும் புல் கரும்பச்சையாக நின்றது. தோட்டத்துக்கு விடும் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். கடப்பாரையால் ஒரு குத்து குத்திப் பார்த்திருக்கலாம். பார்க்காமல் ஆறு அங்குலம் என்று எழுதிவிட்டு வந்தேன்.

தோண்ட வந்தவர்கள் நான்கு பேர், தர்மபுரிப் பக்கத்து ஆட்கள். ஓர் ஆண், மூன்று பெண்கள். அந்தப் பச்சைப் புல்லைக் கொத்திப் புரட்டியதும் நாற்றம் முகத்தில் அடித்தது. வீட்டுக் கக்கூஸ் குழாய் மண்ணுக்குள் உடைந்து எத்தனை மாதமாகக் கசிந்ததோ தெரியவில்லை. மண் கரிய கூழாகியிருந்தது. அதில் முடிச்சுமுடிச்சாகத் தலைமயிர், வெள்ளைப் புழுக்கள். ஒரு பெண்ணின் ரப்பர் செருப்பு அதில் மாட்டிக்கொள்ள, வெறும் காலை உள்ளே விட்டுத்தான் எடுக்க முடிந்தது. அவள் மதில் ஓரம் போய் வாந்தி எடுத்தாள். 

வேலையை நிறுத்தச் சொன்னேன். வீட்டுக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். சென்னையிலிருந்து வந்தவர், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை.

"ஞாயித்துக்கிழமை கெஸ்ட் வராங்க மேடம். அப்படியே மூடிடுங்க. மேல ஜல்லி விழுந்தா வாசனை வராது."

"குழாய மாத்தாம போட்டா, கார் ஏறுறப்ப ஜல்லியெல்லாம் சேத்துக்குள்ள போயிடும் சார்."

"அப்ப ஒன்பது இன்ச்சா போடுங்க."

அவர் வீட்டுப் போனிலேயே முதலாளியைக் கூப்பிட்டேன். "சும்னே தலைய பிச்சுக்காதம்மா. பார்ட்டி சொல்றத செஞ்சுட்டு வா," என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

வெளியே வந்தபோது, பெண்கள் கால் கழுவப் போர்ட்டிகோ குழாயடிக்கு வந்திருந்தார்கள். வீட்டுக்காரரின் மனைவி கதவருகே நின்று கத்தினாள்.

"அதத் தொடாதீங்க! தெருமுனைல குழாய் இருக்கு, அங்க போங்க."

மூவரில் மூத்தவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள். "இது எங்க அழுக்கு இல்லம்மா. உங்க வீட்டுதுதான்," என்றாள். குரலில் கோபமே இல்லை.

அந்த அம்மாள் காதில் வாங்காதவள்போல் என் பக்கம் திரும்பினாள். "நீங்க உள்ள வந்து கை கழுவிக்கங்க."

நான் போனேன். சந்தன சோப்பில் முழங்கை வரை தேய்த்துக் கழுவினேன். திரும்பி வந்தபோது, அந்தச் சேறு அப்பிய காலோடு மூவரும் தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். சாக்கடை நாற்றத்துக்கு வராத ஓர் அருவருப்பு அப்போது வந்தது, அந்த வீட்டின் மேல் பாதி, என் மேல் பாதி. ஆனாலும் லாரி வந்ததும் ஜல்லியைக் கொட்டச் சொன்னேன். ஒன்பது அங்குலம் பரப்பி, ரோலர் ஓட்டி, மேலே கல் பதித்துக் கொடுத்தோம்.

மூன்றாம் மாதம் கார்ச் சக்கரத் தடத்தில் கல் உள்வாங்கியது. இடுக்குகளில் கருப்புத் தண்ணீர் கொப்பளித்தது. "உங்க எஸ்டிமேட் தப்பு," என்றார் வீட்டுக்காரர். ஒரு வகையில் அது உண்மைதான் என்பதால் இன்னும் எரிச்சலாக இருந்தது. குழாயை மாற்றாமல் இந்தத் தடவை ஒரு பாண்டுச் சட்டி ஜல்லிகூட விழாது என்று முதலாளியிடம் சொன்னேன். முணுமுணுத்தபடி பிளம்பரை அனுப்பினார்.

அதே ஆட்கள்தான் வந்தார்கள். நாங்கள் போட்ட ஜல்லி பீ நாற்றத்தோடு கருத்து வழுவழுவென்று வெளியே வந்தது. கெட்டிச் செம்மண் தெரியும்வரை வழித்துப் போட்டோம். மத்தியானம் நானே போய்ப் போர்ட்டிகோ குழாயைத் திறந்துவிட்டு, "இங்கயே கழுவுங்க," என்றேன். வீட்டுக்கார அம்மாள் ஜன்னலில் நின்று பார்த்தாள். அவர்கள் நகர்ந்ததும் சோப்புத் தூளும் பிரஷுமாக வந்து குழாயையும் தரையையும் தேய்க்க ஆரம்பித்தாள்.  அன்று நான் கொண்டுபோன சோற்றைத் திறக்கவே இல்லை.

"அன்னைக்கே நான் இதச் செஞ்சிருக்கணும்க்கா," என்று மூத்தவளிடம் சொன்னேன்.

அவள் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தாள். "இப்ப எதுக்கும்மா அது," என்றாள். "பெரிய ஜல்லிய எந்தப் பக்கத்துல இருந்து போடணும், அதச் சொல்லு."

கேட் பக்கத்தைக் காட்டினேன்.