வாரத்தில் நான்கு விரதம்

விரதம் என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வேலைக்கு வந்த சில வாரங்களிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டேன். சாப்பாட்டைக் கண்டாலே பயப்படும் எனக்கு இதைவிட நல்ல மறைவிடம் ஏது? ஆபீஸில் ஆளுக்கொரு நாள் விரதம். நான் எல்லார் கூடவும் சேர்ந்துகொண்டேன். திங்கள் சிவன், செவ்வாய் பிள்ளையார், வியாழன் குரு, வெள்ளி லட்சுமி. எடை குறையக் குறைய, இன்னும் கொஞ்சம் என்றுதான் தோன்றியது.

மதியம் ஒரு மணிக்கு அம்மாவின் போன் தவறாமல் வரும்.

"சாப்டியா கண்ணு?"

"விரதம்மா."

"மகராசி. என்ற புள்ளைக்கு இத்தன பக்தியா."

தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கேட்க அழுகையாக வரும். மறுநாளும் அதையேதான் சொல்வேன்.

ஒரு திங்கட்கிழமை, பக்கத்து இருக்கையில் இருந்த மராத்தி அக்கா என் மேஜையில் ஒரு டப்பாவை வைத்தார். ஜவ்வரிசி கிச்சடி. நெய் மினுமினுக்க, வேர்க்கடலையும் உருளைக்கிழங்குமாக. இன்று விரதம் என்றேன். அதற்குத்தான் இது என்று சிரித்தார். இந்த ஊர் விரதத்தில் அரிசியும் கோதுமையும்தான் ஆகாதாம், இதெல்லாம் தாராளமாகச் சாப்பிடலாமாம். சாப்பாட்டு நேரத்தில் கீழே போய் நடந்துகொண்டிருந்தவளுக்கு இது எப்படித் தெரியும்? கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். என் நான்கு விரதத்துக்கும் டப்பா வர ஆரம்பித்தது. நான்கையும் கழிவறைக் குப்பைத் தொட்டியில் கொட்டினேன்.

ஒருநாள் கொட்டிவிட்டுத் திரும்பினால், வாசலில் அக்கா. காலி டப்பாவை வாங்கிக் கழுவினார். அவருக்குத் திங்கள் மட்டும்தான் விரதம். மற்ற நாளெல்லாம் எனக்காகவே விடியலில் எழுந்து செய்திருக்கிறார். வெட்கத்தில் உடம்பு கூசியது.

அடுத்த விரதத்துக்கும் டப்பா வந்தது. பக்கத்தில் ஸ்பூனும் இருந்தது. ஒரு மணிக்குப் போன் அடித்தது.

"சாப்டியா கண்ணு?"

"இல்லம்மா. விரதமும் இல்ல. பக்கத்து சீட்டு அக்கா குடுத்த டப்பா முன்னாலதான் இருக்குது. சாப்பிடப் பயமா இருக்குது."



"ரொம்ப நாளாவா?"

"ம்."

"போன வெச்சராத. ஒரு வாய் எடு. நான் இருக்கறேன்."

ஒரு ஸ்பூன் தின்ன அரைமணி நேரம் ஆனது. தொண்டையில் ஒவ்வொரு ஜவ்வரிசியும் தெரிந்தது.

அதற்கடுத்த நாள் போன் வந்தபோது, விரதம்மா என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அம்மா சாப்டியா என்று கேட்கவில்லை.

"டப்பாவத் தொற கண்ணு" என்றாள்.