மூடி போட்ட வாளி

எங்கள் சமையலறைத் தொட்டிக்குக் கீழே ஒரு பெயிண்ட் வாளி இருக்கிறது. வீட்டுக்குச் சுண்ணாம்புக்குப் பதில் பெயிண்ட் அடித்த வருஷம் மிஞ்சியது. மூடி அவ்வளவு இறுக்கம், திறப்பதற்குள் நகம் போய்விடும். காய்த்தோல், காப்பிச் சக்கை, முட்டை ஓடு, பழத்தோல் எல்லாம் அதற்குள் போக வேண்டும். நிறைந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குழியில் கொட்டி, மேலே சருகு தூவி, தகரத்தால் மூடி, தகரத்தின் மேல் கல் வைக்க வேண்டும். சொல்லும்போது ஒரு மூச்சில் முடிந்துவிடுகிறது. வேலை முடிவதில்லை. கொட்டிவிட்டு வந்து கை கழுவுவதற்குள் அடுத்த உருளைக்கிழங்கு காத்திருக்கும்.

இயற்கை மேல் பாசம் பொங்கி நான் இதில் இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என் சக ஆசிரியைகள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் மறுத்ததில்லை. எங்கள் வீடு கொடைக்கானலில் ஒரு சரிவில் இருக்கிறது. குப்பை வண்டி மேலே ரோட்டோடு நின்றுவிடும். முன்பெல்லாம் எல்லாரையும் போல நானும் பின்சுவருக்கு அந்தப்பக்கம் வீசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் காட்டுமாடு ஒன்று சுவர் மேல் தாடையை வைத்து, நான் முந்தின நாள் எறிந்த கேரட் தழையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தது. அதன் மூக்கு ஈரத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்த பிறகு எனக்குச் சட்டதிட்டங்கள் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. வாளி வந்தது, குழி வந்தது. சமைத்த எதுவும் அதில் போகக் கூடாது. உப்புக்கு மாடு வரும், சோற்றுக்குப் பன்றி வரும். இதை எங்கள் சந்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.

குளிரில் மக்க வைப்பது பெரிய பாடு. முதல் வருஷம் சும்மா கிடைக்கிறதே என்று பைன் ஊசியைச் சாக்குச் சாக்காக அள்ளிப் போட்டேன். அடுத்த வருஷம் கிளறினால் போட்டது போட்டபடி கிடந்தது. ஐப்பசி மழையில் போட்ட ஆரஞ்சுத் தோல் தை மாதத்திலும் நிறம் மாறாமல் என்னைப் பார்த்துச் சிரிக்கும். என் கணவர் அய்யம்பாளையத்துக்காரர். மலைக்குக் கீழே அவர் ஊரில் தோட்டத்து மூலையில் எதைப் போட்டாலும் வெயிலும் கரையானும் சேர்ந்து தடம் தெரியாமல் ஆக்கிவிடும். டூரிஸ்ட் வண்டி ஓட்ட மலையேறி வந்து இத்தனை காலம் ஆன பிறகும் அவருக்கு மண் என்றால் அந்த மண்தான். "மண்ணுல போட்டா மண்ணாப் போவுது, இதுக்குப் போயி மண்டைய ஒடச்சுக்கிட்டு" என்பார். ஒருநாளும் குழிப் பக்கம் வந்து பார்த்ததில்லை.

போன வருஷம் அவருக்குத் தொண்டையில் வந்தது. வந்தது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம், பெயர் சொல்வதில்லை. மதுரையில் கரண்டு வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வோம். முடிந்து அனுப்பும்போது டாக்டர் என்னிடம்தான் சொன்னார்: இனிமேல் எடை குறையக் கூடாது, குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரும். வார்டில் பக்கத்துக் கட்டிலில் குழாயோடு ஒருவர் இருந்தார். இவர் அந்தப் பக்கம் திரும்பாமலே நாட்களை ஓட்டியவர். பஸ்ஸில் வரும்போது வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கொழாய மட்டும் போட விட்ராத, டீச்சர்."

கல்யாணமான நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். முதலில் கேலியாகத்தான் தொடங்கியது.

போட விடமாட்டேன் என்றேன். சொன்னது சுலபம். வெள்ளனே எழுந்து கையுறையைக் கழற்றி மாவைத் தொட்டால் விரல் விறைக்கும். இட்லியின் ஓரத்தை வெட்டிவிட்டுப் பாலில் ஊற வைப்பேன். பருப்புச் சோற்றைக் குழையக் குழைய மசிப்பேன். முட்டையைக் கஞ்சியில் அடித்துக் கலப்பேன். நான் பள்ளிக்கூடம் போனபின் சாப்பிட ஃப்ளாஸ்கில் ஒன்று, மூடி வைத்த கிண்ணத்தில் ஒன்று. சாயங்காலம் நோட்டுத் திருத்திக்கொண்டே அடுப்பைப் பார்ப்பேன். சமைத்துச் சமைத்து எனக்கே சாப்பாட்டு வாசனை பிடிக்காமல் போனது. ஆனால் வீடு திரும்பும்போது அவர் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். அந்தத் தட்டைப் பார்த்ததும் நாளெல்லாம் நின்ற களைப்பு கொஞ்சம் இறங்கும்.

வாளியை அவரிடம் கொடுத்தது நான்தான். வண்டியை விற்றாயிற்று. சும்மா உட்கார்ந்தால் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆளுக்கு ஒரு சோலி வேண்டுமே என்று, "இனிமே இது உங்க டிப்பார்ட்மெண்ட்" என்றேன். முணுமுணுப்பார் என்று நினைத்தேன். மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார். நான் சொல்லாமலே தினமும் கொண்டுபோய்க் கொட்டினார். பரவாயில்லையே, மனுஷன் தேறிவருகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

இந்த ஊரில் ஒருவர் மெலிவது கண்ணுக்குத் தெரியாது. பனியன், சட்டை, ஸ்வெட்டர், அதன் மேல் இன்னொரு ஸ்வெட்டர், மேலே சால்வை, தலையில் மங்கி கேப். ஆளுக்குள் ஆள் எவ்வளவு இருக்கிறார் என்று யார் பார்த்தார்கள்? குளிக்கும்போது கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். வெந்நீர் ஆவி வெளியே போய்விடும் என்றார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைப் பார்த்துக்கொள்வதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்ததெல்லாம் தட்டைத்தான்.

ஒரு சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டம்மா வேலியருகே நின்று கத்தினார். லாட்ஜில் வேலை பார்ப்பவர், மற்ற நாளில் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார், அன்று லீவு.

"டீச்சர்! ஒங்க குழிய பன்னி கிண்டிப் போட்டுருக்குங்க! ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னீங்களே, நீங்களே சோத்தப் போட்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் சோறு போடுவேனா? பின்பக்கம் போனேன். மஞ்சுமூட்டம் இன்னும் விலகவில்லை. தகரம் நாலடி தள்ளிக் கிடந்தது. அதன் மேல் வைக்கிற பெரிய கல் சுவரோரம் இருந்தது. கல்லில் பாசி பிடித்திருந்தது, அதை யாரும் பல நாளாகத் தொடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கையில் எடுக்கிற மாதிரிச் சின்னக் கல் ஒன்று புல்லில் உருண்டு கிடந்தது. அந்தப் பெரிய கல்லை நானே ஒருத்தியாகத் தூக்கி வைப்பேன். அவரால் முடியவில்லை என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

பிறகு குழியைப் பார்த்தேன்.

பன்றி தின்றது போக மிச்சம் இருந்தது. சருகுக்கு நடுவே வெள்ளையாக இட்லி. நான் பாலில் ஊற வைத்த இட்லிதான், ஓரத்தை வெட்டியிருந்தேனே, அந்த வெட்டு அப்படியே தெரிந்தது. அதற்குக் கீழே சருகு, அதற்குக் கீழே மசித்த பருப்புச் சோறு, கரண்டியின் அச்சு மாறாமல். அதற்கும் கீழே முட்டை. நல்ல முறையாகத்தான் போட்டிருந்தார், நான் சொல்லிக்கொடுத்தபடி ஒரு அடுக்குச் சாப்பாடு, ஒரு அடுக்குச் சருகு. ஒன்றுகூட மக்கவில்லை. நான் விறைத்த விரல்களோடு செய்த ஒவ்வொரு காலையும் அங்கே கிடந்தது.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. உள்ளே போனேன். நாற்காலியில் சால்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். என் கையில் ஒரு இட்லி இருந்தது, எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. அதைப் பார்த்தார். தலை குனிந்துகொண்டார்.

"மக்கிப் போயிரும்னு நெனச்சேன்" என்றார்.

"இது என்ன அய்யம்பாளையமா?" என்று கத்தினேன். "இங்க எது மக்குது? எல்லாம் அப்படியே கெடக்கு! பன்னிக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல!"

நான் கத்தி ஓய்ந்த பிறகு, கரகரத்த குரலில் மெதுவாகச் சொன்னார்.

"முழுங்க முடியல. எச்சியே முள்ளாக் குத்துது. ஒண்ணு ரெண்டு வாயி எறங்கும், அப்புறம் எறங்காது."

"அதைச் சொல்றதுக்கு என்ன?"

"நீ வெள்ளனே எந்திரிச்சு செய்யுற. தட்டுல மிச்சம் வச்சா ஒன் மொகம் செத்துப் போவுது. அதப் பாக்குறதுக்கு இது தேவலன்னு இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, "கொழாய்க்கும் பயம்" என்றார்.

ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னேன். ஒன்று, இன்னொன்று. சட்டைக்குள் தோள் எலும்பு ஹேங்கர் மாதிரித் துருத்திக்கொண்டிருந்தது. என் கோபமெல்லாம் அங்கே முடிந்தது. எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை மாசத்து அலுப்பும் ஒன்றாக வந்து இறங்கியது. எழுந்திருக்கவே தோன்றவில்லை. வெளியே பக்கத்து வீட்டம்மா யாரிடமோ பன்றிக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

டாக்டர் சொன்ன தேதிக்குக் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு மதுரைக்குப் போனோம். எடை மெஷினில் ஏறும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். குழாய் போட்டார்கள். போட விடமாட்டேன் என்று சொன்ன நான்தான் அவர் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். புண் ஆறும் வரைக்கும்தான் என்றார் டாக்டர். எப்போது ஆறும் என்று கேட்டதற்குப் பார்க்கலாம் என்றார்.

இப்போது அவர் சாப்பாடு திரவம். கஞ்சியை வடிகட்டி, பாலையும் முட்டையையும் அடித்து, பெரிய சிரிஞ்சில் மெல்ல மெல்ல ஊற்றுகிறேன். கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. ஸ்வெட்டர் தோளில் கொஞ்சம் நிற்கத் தொடங்கியிருக்கிறது, அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. வாளியை நான் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. குழாயைக் காதுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு அவரேதான் கொண்டுபோகிறார். கொட்டுவதற்கு முன் மூடியைத் திறந்து என் மூஞ்சிக்கு நேரே நீட்டுவார். "பாத்துக்க டீச்சர், தோலு மட்டுந்தான்." பெரிய கல்லை மட்டும் நான் போய் வைத்துவிட்டு வருவேன்.

எனக்கென்று தனியாகச் சமைப்பதுதான் பெரிய கஷ்டமாகிவிட்டது. வாயால் ஒரு வாய் காப்பி குடிக்க முடியாத மனுஷன் முன்னால் தட்டை வைத்துக்கொண்டு எப்படி உட்காருவது? தாளிக்கிற வாசனைகூட அவரைத் தொடக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு, சமையல் மேடைமேல் தட்டை வைத்து, நின்றபடியே தின்பேன். போன வாரம் ஒரு சாயங்காலம் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனேன். இறங்காது என்று தெரிந்தது. பசி இருந்தது, தொண்டைதான் வேண்டாம் என்றது. தட்டில் இருந்ததை வாளியில் வழித்துப் போட்டு மூடியை அழுத்திவிட்டேன். முதல் தடவை இல்லை. முன்பெல்லாம் மறக்காமல் அடியில் தள்ளி, மேலே பீன்ஸ் நாரைப் போட்டுவிடுவேன். அன்று அதற்கும் சலிப்பாக இருந்தது.

மறுநாள் காலை வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனவர் கொட்டாமலே திரும்பி வந்தார். அதை என் காலடியில் வைத்தார். மூடி திறந்திருந்தது.

"டீச்சர், இது யாரு சாப்பாடு?"

"நேத்து மிஞ்சினது. கெட்டுப் போச்சு."

"இந்தக் குளிர்ல என்னா கெடும்?"

அவர் கோபப்படவில்லை. ஜன்னலோரத்து நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து சமையலறைக்குள் போட்டார். எனக்கு ஒரு முக்காலியை எதிரே தள்ளினார். இட்லிப் பானையைத் திறந்து, ஒரு இட்லியை எடுத்துத் தட்டில் வைத்து, நான் அவருக்குச் செய்வதைப் போலவே ஓரத்தை வெட்டினார். மேலே பாலை ஊற்றினார். கொஞ்சம் மேடையில் சிந்தியது.

"எனக்கு முன்னால சாப்பிடு. நான் பாக்கணும்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"இருக்கும்" என்றார். "சாப்பிடு."

ஒரு துண்டை வாயில் வைத்தேன். மென்றேன், மென்றுகொண்டே இருந்தேன். அவர் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் விழுங்கினேன். அப்போது அவர் தொண்டையும் என்னோடு சேர்ந்து ஒரு தடவை ஏறி இறங்கியது.