அப்பாவுக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை

சாகப்போகிற மனிதனுக்குக் கடைசி நேரத்தில் வாழ்க்கை முழுவதும் கண்முன்னால் ஓடும் என்று முதன்முதலில் கதையில் எழுதி வைத்தது எவன் என்று தெரிந்தால், வீடு தேடிப் போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். எத்தனை கதைகள் படித்துவிட்டோம்! கட்டிலில் கிழவர் கிடப்பார். ஜன்னல் வழியாக ஏதோ ஒரு வாசனை வரும். அடுத்த பத்தியில் அவருக்கு இருபது வயது. மழை, ஆற்றங்கரை, தாவணியில் ஒரு பெண். எல்லாம் வரிசை தவறாமல் நினைவுக்கு வந்து முடிந்ததும் உயிர் மரியாதையாகக் கிளம்பிப் போகும். நானும் அப்படி ஒரு கதை எழுதியவள்தான். அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

துறைமுகத்துக்கு வரும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்த்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் நான் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வந்தால் கதை எழுத உட்காருவேன். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. அம்மா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. முத்தையாபுரத்தில் ஒரு வாடகை வீட்டில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம்.

அந்தக் கதையை நான் முதலில் எழுதியது வேறு மாதிரி. ஒரு கிழவர் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்து சாகிறார். மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்துக் கட்டில்காரன் இருமுவது அவருக்குத் தொந்தரவாக இருக்கிறது. அவ்வளவுதான் கதை. ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் போன் செய்தார். நல்லா இருக்கிறது, ஆனால் ஈரம் போதவில்லை என்றார். தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறீர்கள், கடல் இல்லை, முத்து இல்லை, வாசகன் எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவான் என்று கேட்டார். சின்னதாக ஒரு ஃபிளாஷ்பேக் வைத்துக் கொடுத்தால் அடுத்த இதழிலேயே போட்டுவிடலாம் என்றார்.

வைத்துக் கொடுத்தேன். கிழவரை முத்துக்குளிக்கிறவராக மாற்றினேன். முத்துக்குளிப்பெல்லாம் தாத்தா காலத்தோடு நின்றுபோன சமாச்சாரம். நான் முத்தைப் பார்த்தது நகைக்கடையில்தான். இருந்தாலும் எழுத வந்தது. மகன் ஒரு ஸ்பூன் கடல் தண்ணீரைக் கிழவர் வாயில் விடுகிறான். அந்த உப்பு நாக்கில் பட்டதும் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிய நாட்கள் எல்லாம் அவருக்குத் திரும்பி வருகின்றன. கண்ணோரத்தில் ஒரு சொட்டு நீர். உயிர் போகிறது. கதை வெளிவந்ததும் முன்பின் தெரியாதவர்களெல்லாம் போன் செய்து அழுதார்கள்.

எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி, படகு வைத்திருக்கிறவர். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். அந்தக் கதையை இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து வாசித்து முடித்து, ஜெராக்ஸ் எடுத்து, கோவிலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் தம் அண்ணன் மகள் எழுதியது என்று கொடுத்தார். எங்க அப்பாவை அப்படியே எழுதியிருக்கிறாள் என்று என் தலையில் கை வைத்துச் சொன்னார். தாத்தா எப்படிச் செத்தார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அது கடலிலும் இல்லை, கடல் தண்ணீராலும் இல்லை. மஞ்சள் காமாலை. ஆனாலும் கதையைப் படித்தபிறகு அவர் மனதில் தாத்தா அப்படித்தான் செத்தார்.

அப்பாவுக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பையனாக இருந்தபோது படகில் கூட்டிப்போனார்களாம். குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்திருக்கிறார். மறுபடி கூட்டிப்போனார்கள், மறுபடி வாந்தி. கடற்கரை வீட்டில் பிறந்துவிட்டு இது என்ன பிழைப்பு என்று எல்லோரும் கேலி செய்திருக்கிறார்கள். அவர் போய் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்து, ரிட்டயர் ஆகும்வரை அதிலேயே இருந்தார். மீன் வறுத்தால் சாப்பிடுவார். அதோடு சரி.

அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, விழுங்குவதும் போயிற்று. மூக்கு வழியாகக் குழாய் போட்டு அனுப்பினார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அதிக நாள் இருக்க மாட்டார், ஆனால் வாய் வழியாக ஒரு சொட்டுக்கூடக் கொடுத்துவிடாதீர்கள், நேரே நுரையீரலுக்குள் போய்விடும், அது பொல்லாத சாவு என்றார். போகிறவர் போகட்டும், மூச்சு முட்டாமல் போகட்டும். எனக்கு அதற்குமேல் எந்த ஆசையும் இல்லை. வாயில் எதையும் ஊற்றாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். அப்பாவின் தங்கை, என் அத்தை, பார்க்க வந்த முதல் நாளே அதை மறைத்து மாதா காலண்டரை மாட்டினார்.

படுக்கையில் கிடந்த அந்த நாட்களில் அப்பாவுக்குப் பேச்சு குழறினாலும் எனக்குப் புரியும். என்ன பேசினார் தெரியுமா? போர்வை மடிப்பு முதுகில் குத்துகிறது என்பார். சரி செய்தால், வலது காலைக் கொஞ்சம் மடக்கி வை என்பார். ஃபேனைக் கூட்டு, குறை. முதுகு அரிக்கிறது, அங்கே இல்லை, இன்னும் கீழே. வாய் காய்கிறது என்றால் பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டை மட்டும் துடைத்துவிடுவேன். கண்ணை மூடிக்கொள்வார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பஸ்ஸைப் பற்றி இல்லை. சாகிற மனிதனுக்குப் பழசை நினைக்க நேரம் ஏது? அவருடைய உடம்பே அவரை ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆசிரியர் வேண்டாம் என்று சொன்ன என் முதல் கதைதான் என் வீட்டுக் கட்டிலில் நடந்துகொண்டிருந்தது.

பார்க்க வந்தவர்களுக்கு இது போதவில்லை. உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்றால் ஏதோ ஆசை அடங்கவில்லை என்று அர்த்தமாம். ஆளாளுக்கு அது என்ன ஆசை என்று கண்டுபிடிக்க உட்கார்ந்தார்கள். பேக்கரி மக்ரூன் என்றால் அண்ணனுக்கு உயிர் என்று அத்தை அதைப் பாலில் கரைத்து எடுத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்தார். கிண்ணத்தைப் பிடுங்கி வாசலில் கொட்டினேன். பக்கத்து வீட்டு அம்மா விளாத்திகுளத்துக்காரர். தங்கள் ஊரில் சொந்த நிலத்து மண்ணைக் கரைத்து ஒரு வாய் ஊற்றினால் உயிர் லேசாகப் பிரியும் என்றார். எங்களுக்கு ஏது நிலம், இது வாடகை வீடு என்று சொல்லி அவரை அனுப்பினேன். சித்தப்பா மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நமக்குக் கடல்தான நிலம் என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் டயப்பரும் குழாயில் கஞ்சி ஏற்றுகிற சிரிஞ்சும் தீர்ந்துபோய்விட்டன. சித்தப்பாவும் அத்தையும் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் டவுனுக்கு பஸ் ஏறினேன். வாயில் ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று ரெண்டு பேரிடமும் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வரும்போது துறைமுக ரோட்டில் டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்று பஸ் நகரவே இல்லை. இறங்கி நடந்தேன். வாசலுக்கு வரும்போதே உள்ளே செபம் சொல்லுகிற சத்தம். உள்ளே அத்தையும் இன்னும் ரெண்டு மூன்று பொம்பளைகளும் முழங்காலில் நிற்கிறார்கள். கட்டிலில் சித்தப்பா உட்கார்ந்து அப்பாவின் தலையைத் தம் மடியில் வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், அடியில் மணல் படிந்து கிடக்கிறது. என்னுடைய காப்பி ஸ்பூன் சித்தப்பா கையில்.

அப்பாவின் முகம் கறுத்துப்போயிருந்தது. கண் ரெண்டும் பிதுங்கி விரிந்திருந்தன. நெஞ்சுக்குள் கறகறவென்று சத்தம். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "பாருளா, அண்ணனுக்கு எல்லாம் ஞாபகம் வருது. கண்ணுல தண்ணி வருது பாரு" என்றார்.

நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். என்ன கத்தினேன் என்று தெரியாது. அத்தனை பேரையும் தள்ளிவிட்டு அப்பாவை ஒருக்களித்துப் போட்டு, வாய்க்குள் விரலை விட்டு வழித்தேன். உப்பும் மணலும் கோழையுமாக வந்தது. ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன். ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு நாள் கிடந்தார். ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து, டாக்டர் சொன்ன அதே பொல்லாத சாவு. போர்வை மடிப்பைப் பற்றிக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையில் கடலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மூச்சு வேண்டும் என்பதுதான் இருந்தது.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கதையைத்தான் பேசினார்கள். கடல் தண்ணி நாக்கில் பட்டதாம், பொலபொலவென்று கண்ணீர் வந்ததாம், அப்புறம் நிம்மதியாகப் போய்விட்டாராம். இரண்டு நாள் ஆஸ்பத்திரி யார் வாயிலும் வரவில்லை. பங்குச் சாமியாரும் அதைக் கேள்விப்பட்டு, கடலின் மக்களைக் கடலே வழியனுப்பும் என்று பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். கடலைப் பார்த்தால் வாந்தி எடுக்கிற மனிதன் பெட்டிக்குள் கிடந்தார். எழுந்து நின்று இதைச் சொல்லிவிட வேண்டும் போல எனக்கு இருந்தது. சித்தப்பா முன்வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். பேசாமல் இருந்துவிட்டேன். பத்திரிகை ஆசிரியரும் விஷயம் கேள்விப்பட்டு போன் செய்தார். துக்கம் விசாரித்துவிட்டு, உங்கள் கதை வாழ்க்கையிலேயே நடந்துவிட்டது, இதையே நீங்கள் எழுத வேண்டும் என்றார். போனை வையுங்கள் என்று சொல்லி நானே வைத்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு வீட்டில் சாப்பாடு. சித்தப்பா அன்றைக்கும் பந்தியில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கு அண்ணன் கடலைக் கண்டுவிட்டுப் போனதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அதில் ஏதாவது கூடியிருந்தது. அன்றைக்கு அப்பா சிரித்ததாகவே சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. எல்லோரும் போகட்டும், இன்றைக்கு இந்த மனுஷனிடம் உண்மையைச் சொல்லாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். சொன்னால் உடைந்துபோவார் என்று தெரியும். உடையட்டும். அப்பா அனுபவித்ததைவிடவா அது பெரிது?

கூட்டம் கலைந்தபின் பார்த்தால், பின்பக்கம் குழாயடியில் தட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தார். சோறு போட்டது போட்டபடி இருந்தது. இத்தனை நேரம் பேசினாரே தவிர ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. எதிரே போய் நின்றேன்.

"அப்பாவுக்கு ஒண்ணும் ஞாபகம் வரல, சித்தப்பா. நீங்க ஊத்துன தண்ணி மூச்சுக்குழாயில போயிட்டு. அது அழுகை இல்ல. புரையேறுனது."

அவர் நிமிரவில்லை. சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"எனக்குத் தெரியாதாளா? அவன் தல என் கையிலல்லா இருந்துச்சு" என்றார். ஒதுக்கிய சோற்றை மறுபடி நடுவுக்கு இழுத்துக்கொண்டு, "பெறவு வேற என்னத்தச் சொல்லிட்டு நான் இருக்க?" என்றார்.

எனக்குக் கோபம் அப்படியேதான் இருந்தது. அவர் கையிலிருந்த தட்டை வாங்கி, ஆறிப்போன சோற்றைக் கொட்டிவிட்டு, வேறு சோறு போட்டு எடுத்து வந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.