ஜாக்கியையும் என்னையும் நம்பாத ஜீனத்

செய்தி வந்தபோது இடப்பள்ளிச் சந்திப்பில் அசையாமல் நின்றுகொண்டிருந்த பேருந்துக்குள் இருந்தேன். எங்கள் ஹேங்கர் ஆட்களின் வாட்ஸாப் குழுவில் ஸ்டோர்காரர் போட்டிருந்தார்: "நம்ம ஜீனத் போயாச்சு." நான் நம்பவில்லை. அந்த மனுஷன் போன வருடம்தான் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஒரு நடிகரை வாட்ஸாப்பிலேயே கொன்று, மாலை போட்ட படத்தையும் சேர்த்து அனுப்பியவர். அவர் பேச்சைக் கேட்டு யாராவது அழுவார்களா? ஜீனத்தின் எண்ணுக்கே அழைத்தேன். செத்துப்போனாயா என்று அவளிடமே கேட்கப் போன பைத்தியக்காரி நான். போனை எடுத்தது அவள் கணவர் ஹமீது மச்சான். "உள்ளதுதான் ராபியா. காலைல சாயா குடிச்சிட்டே இருந்தா. கிளாஸைக் கீழ வெச்சா. அவ்வளவுதான்" என்றார். பேருந்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அழுதேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் தமிழ் பேசும் குடும்பங்களில் ஜீனத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்த எல்லோரையும் அவள் ஒருமுறையாவது சந்தேகப்பட்டிருப்பாள் என்பதும் உங்களுக்குத் தெரியும். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். அதோடு விடமாட்டாள், அதே மீனை அடுத்த கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டி, "சேட்டா, இது இன்னைக்குப் பிடிச்சதா?" என்று கேட்பாள். என் மகள் கல்யாணத்தில் பிரியாணிச் செம்பைத் திறப்பதற்கு முன்னால் சமையல்காரப் பண்டாரியைத் தனியாக அழைத்து விசாரித்தவள் அவள். அந்த ஆள் கோபித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார், நான் காலில் விழாத குறையாக நிறுத்தினேன். "எதுக்குடி எல்லாரையும் கள்ளனைப் பாக்குற மாதிரி பாக்குறே?" என்று கேட்டால், "சந்தேகப்பட்டு யாரும் செத்ததில்ல. நம்பித்தான் செத்திருக்காங்க" என்பாள்.

இவ்வளவு சந்தேகம் பிடித்தவளுக்கு அவளுடைய வேலை அளவெடுத்துத் தைத்த சட்டை. சிறிய விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையில், அதுதான் எங்கள் ஹேங்கரில், ஜீனத் என்ஜினீயர். நான் அங்கே கொள்முதல் பார்ப்பவள். ஸ்பானர், எண்ணெய், ஏணி எதுவானாலும் விசாரித்து, பேரம் பேசி, வாங்கிப்போடுவது என் பாடு. விமானத்தைத் தரையிலிருந்து தூக்கும் ஜாக்கிகளும் அதில் சேர்த்திதான். இறக்கைக்குக் கீழே வைத்து விமானம் முழுவதையும் தூக்கும் மூன்றுகால் ஜாக்கிகள் ஒரு வகை. ஒரு சக்கரத்தை மட்டும் கழற்றி மாட்ட, அச்சுக்குக் கீழே தள்ளிவைக்கும் குட்டை ஜாக்கி இன்னொரு வகை. எது வந்தாலும் ஜீனத் கையெழுத்துப் போட்டால்தான் அதை விமானத்தின் பக்கத்தில் கொண்டுபோகலாம். கையெழுத்து அவ்வளவு லேசில் வராது. அளப்பாள், ஆட்டுவாள், எண்ணெய் கசிகிறதா என்று அடியில் காகிதம் விரித்து வைப்பாள். பிறகு என் முகத்தையும் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடிய அந்தக் குட்டை ஜாக்கி விவகாரத்தைச் சொல்ல வேண்டும். பழையது தேய்ந்துவிட்டது. புதிது வாங்க முடிவானது. மேனேஜர் ஒரு பெரிய ஜாக்கியைப் பார்த்து மயங்கிவிட்டார். எங்கள் விமானத்தின் எடையைப்போலப் பல மடங்கு தூக்கும். "பெரிசு வாங்கிட்டா பேடிக்கண்டல்லோ" என்றார். பயப்பட வேண்டியதில்லை என்கிறாராம். கோயம்புத்தூரிலிருந்து விற்பனையாளர் ஒருவர் அந்த ஜாக்கியோடு வந்து, நின்றுகொண்டிருந்த விமானத்தின் அச்சுக்குக் கீழே தள்ளிக் காட்டினார். அழகாகப் போனது. எல்லோரும் தலையாட்டினோம். ஜீனத் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "இது வேண்டாம்" என்றாள்.

அப்போது ஹேங்கரில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஜீனத்துக்கு தோஹாவில் வேலை கிடைத்துவிட்டதாம், போகிற போக்கில் இங்கே எல்லாவற்றையும் முடக்கிவிட்டுப் போகப் பார்க்கிறாளாம். ஸ்டோர்காரர்தான் கிளப்பினார். மேனேஜர் அதை நம்பினார். எனக்கும் உள்ளுக்குள் உறுத்தியது. பின்னே என்ன, தலையாட்டினால் முடிகிற காரியத்துக்கு எதற்கு இவ்வளவு முட்டுக்கட்டை? "ஜீனத், உங்க மனசுல என்னதான் இருக்கு? பட்டுனு சொல்லுங்க" என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அவளுடைய வேலைக்கே உலை வைக்கிற கேள்வி அது.

"டயர்ல இருக்கிற காத்தை இறக்குங்க சார்" என்றாள் ஜீனத்.

விற்பனையாளர் சிரித்துவிட்டார். மேனேஜருக்கு முகம் சிவந்தது. நல்ல விமானத்தின் டயரைச் சப்பையாக்கச் சொல்கிறாள், சந்தேகம் உறுதிதான் என்பதுபோல என்னைப் பார்த்தார். ஆனால் அவள் கைகாட்டிய டயர் தேய்ந்துபோய் மறுநாள் கழற்றிப் போடவேண்டிய டயர். அதைத்தான் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறாள், கள்ளி! காற்றை இறக்கினார்கள். டயர் நசுங்கியது, விமானம் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது, அச்சு தரையை நோக்கி இறங்கியது. "இப்ப வைங்க" என்றாள். அந்தப் பெரிய ஜாக்கியை விற்பனையாளர் முன்னால் தள்ளினார், பக்கவாட்டில் தள்ளினார், படுத்துக்கொண்டும் தள்ளினார். அதன் தலை அச்சில் முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே போகவே இல்லை.

"நல்லா நிக்கிற விமானத்தை அளந்து ஜாக்கி வாங்குறோம். நல்லா நிக்கிறதுக்கு ஜாக்கி எதுக்கு சார்? டயர் வெடிச்சு உக்காந்திருக்கும் பாருங்க, அப்பத்தானே இதைத் தேடுவோம்?" என்றாள். பலகையை வைத்துச் சக்கரத்தை அதன்மேல் ஏற்றிவிடலாமே என்றார் விற்பனையாளர். "ஓடுபாதையில, கொட்டுற மழையில, நீங்க பலகை தூக்கிட்டு வருவீங்களா?" என்று கேட்டாள்.

அதோடும் விட்டாளா? சுருங்கியிருக்கும்போது ஜாக்கி, டயர் சப்பையாகித் தாழ்ந்த அச்சுக்கு அடியில் நுழைகிற அளவுக்குக் குள்ளமாக இருக்க வேண்டும். நீண்டால், காற்று நிரம்பிய புது டயரை மாட்டுகிற அளவுக்கு உயர வேண்டும். விமானத்தைத் தூக்கத் தூக்க, அமுங்கியிருந்த அதன் சக்கரக் காலும் நீண்டுகொண்டே வரும், அதற்கும் சேர்த்து உயரம் வேண்டும். விமானத்தைத் தாங்கும் இடத்தில் ஜாக்கியின் தலை வழுக்காமல் பொருந்த வேண்டும். எவ்வளவு எடை தூக்கும் என்பதை அவள் கடைசியாகத்தான் பார்த்தாள். நாங்கள் அதை மட்டும்தான் பார்த்திருந்தோம். மேனேஜர் அதற்குப் பிறகு தோஹாவைப் பற்றிப் பேசவில்லை. அந்த வேலை உண்மையிலேயே வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "நீ எதுக்குக் கேக்குறே?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்ப்பாள்.

அவள் சொன்ன மாதிரி ஒரு ஜாக்கியைத் தேட நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. குள்ளமாகக் கிடைத்தால் உயராது. உயர்ந்தால் குள்ளமாக இருக்காது. இரண்டும் சரியாக இருந்தால் அதன் தலை பொருந்தாது. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினேன், ஒவ்வொன்றையும் அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். எனக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. வேலை முடிந்து வேனில் வீட்டுக்கு வரும்போது, தோப்பும்படி ஸ்டாப் வருவதற்குள் வெடித்துவிட்டேன். "எடீ, உங்கூட ஒண்ணா மதரசாவுக்கு ஓதப் போனவ நான். உன் கல்யாணத்துக்கு மருதாணி வெச்சுவிட்டவ. நான் கொண்டாந்த ஒரு சாதனத்தையாவது அளக்காம வாங்கியிருக்கியா? ஒரு நாளாவது என்னை நம்பியிருக்கியா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "உன்னை நம்பாம என்ன? ஆனா ஜாக்கி நீ பெத்ததில்லையே" என்றாள்.

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. வேலை விஷயம் தவிர வேறு பேச்சு இல்லை. நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டாள், பாத்திரத்தைக் கழுவி, வெறும் பாத்திரமாகவே திருப்பி அனுப்பினேன். எங்கள் தெருவில் வெறும் பாத்திரம் திருப்பி அனுப்புவது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் சரியான ஜாக்கி கிடைத்தது. விசாரித்து விசாரித்து, ஏற்கெனவே அதைப் பயன்படுத்துகிறவர்களிடம் பேசி, நானே முடிவுசெய்தது. லாரி இரவில்தான் வந்துசேர்ந்தது, மறுநாள் ஹர்த்தால். கடை, வண்டி, எல்லாம் அடைப்பு. பெட்டியை ஹேங்கருக்குக் கொண்டுபோக வழியில்லை. பஜார் ரோட்டில் ஹமீது மச்சான் கணக்குப் பார்க்கும் மிளகு குடோனில் ஒருநாள் வைத்திருக்கச் சொல்லி இறக்கினேன். ஹர்த்தால் முடிந்த பிறகு ஹேங்கருக்கு எடுத்துப்போய், எல்லோரும் சுற்றி நிற்க, பெட்டியைத் திறந்தோம். ஜீனத் வந்தாள். பெட்டியோடு வந்த சோதனைச் சான்றிதழைப் படித்தாள். ஜாக்கியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். "ராபியா வாங்கினதுதானே? மதி" என்றாள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

மதி! போதுமாம்! அளக்கவில்லை, ஆட்டவில்லை, காகிதம் விரிக்கவில்லை. ஸ்டோர்காரர் வாயைப் பிளந்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று சாயங்காலம் கோழி வாங்கிக் குழம்பு வைத்து, பாத்திரம் நிறைய அவள் வீட்டுக்கு அனுப்பினேன். என் கணவரிடம் அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அவர் கையெடுத்துக் கும்பிடுகிற அளவுக்கு ஆனது. பின்னால் ஒரு மழைநாளில் டயர் வெடித்து உட்கார்ந்த விமானத்துக்கு அடியில் அந்த ஜாக்கி வழுக்கிக்கொண்டு நுழைந்ததையும் பார்த்தேன். அதைவிட எனக்குப் பெரிசு, ஜீனத் என்னை நம்பினாள் என்பதுதான்.

இப்போது மையத்து வீட்டுக்கு, அவளைக் கிடத்தியிருந்த வீட்டுக்கு, வருகிறேன். அவள் இதயம் ரொம்ப நாளாகவே பலவீனமாக இருந்திருக்கிறது, அவள்தான் யாரிடமும் சொல்லவில்லை என்று அங்கே பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டதும் என் மனசில் ஒரு முள் ஏறியது. அன்றைக்கு ஜாக்கியை அளக்காமல் விட்டாளே, அது நம்பிக்கையா, அல்லது குனிந்து அளக்க உடம்பில் தெம்பில்லையா? சுற்றிவந்தபோது மூச்சு வாங்கினாளா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அவளிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வார்த்தைதான். அதுவும் நோயாளியின் அலுப்பா? ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கிப்போன பிறகும் இதேதான் மண்டைக்குள் ஓடியது. மேனேஜர் வந்து, "எல்லாரையும் நம்பின நல்ல பெண்மணி" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பொய்யை அளந்து விடுகிறாரே என்று எரிச்சலாக வந்தது.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து கூட்டம் கலைந்ததும் ஹமீது மச்சானிடம் கேட்டேவிட்டேன். கேட்கக்கூடிய நேரமா அது? ஆனாலும் கேட்டேன். "மச்சான், அந்த ஹர்த்தால் சமயத்துல அவளுக்கு உடம்பு முடியாம இருந்துச்சா? புது ஜாக்கியை அளக்காமலே கையெழுத்துப் போட்டா."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அளக்காமலா? அவளா? என்ன ராபியா சொல்றீங்க!" என்றார். பிறகுதான் சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஹர்த்தால் அன்று காலை ஜீனத் அவரை இழுத்துக்கொண்டு நடந்தே குடோனுக்குப் போயிருக்கிறாள். பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கி ஜாக்கியை வெளியே எடுத்து, மேலும் கீழும் அளந்திருக்கிறாள். சரக்கு இறக்கிவிட்டுச் சும்மா நின்ற லாரியின் அச்சுக்குக் கீழே அதை வைத்து, லாரியைத் தூக்கி நிறுத்தியிருக்கிறாள். மெல்ல இறங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம். லாரியை அப்படியே நிற்க விட்டு, இருவரும் மிளகுச் சாக்கின்மேல் உட்கார்ந்து கட்டிக்கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார்கள். மாலை அசர் தொழுகை வரை காத்திருந்திருக்கிறார்கள். ஜாக்கி அசையவில்லை.

"அப்புறம் தொடைச்சு, வைக்கோலை வெச்சு, பழைய ஆணியைப் பழைய ஓட்டையிலேயே அடிக்கச் சொன்னா. நான்தான் அடிச்சேன்" என்றார் மச்சான். "ஏண்டி இந்தக் கஷ்டம், நாளைக்கு ஹேங்கர்லயே அளந்துக்க வேண்டியதுதானேன்னு கேட்டேன். 'அங்க அவ என் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பா. அவ முன்னாடி இதை என்னால அளக்க முடியாது. நீங்க அவகிட்ட மூச்சு விடக்கூடாது'ன்னு சத்தியம் வாங்கிட்டா. இப்ப நான் சொன்னது தப்பாயிருச்சோ?"

மனிதர் என்னைச் சமாதானப்படுத்த இட்டுக்கட்டிச் சொல்கிறாரோ என்று ஒரு நொடி அவரையும் சந்தேகப்பட்டேன். அப்படியானால், உங்களை நம்பினாள் என்றல்லவா சொல்லியிருப்பார்? மையத்து வீடு என்றும் பாராமல் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே இருந்து அவருடைய தங்கச்சி எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தேன்.

ஜீனத் என்னை ஒருநாளும் நம்பவில்லை. அதில் இனி எனக்குச் சந்தேகம் இல்லை. உலகத்தில் யாருக்கும் தயவுதாட்சண்யம் பார்க்காத அந்தச் சண்டைக்காரி, என் முகம் வாடக்கூடாது என்பதற்காக ஒரு முழு விடுமுறை நாளைக் குடோனில் கழித்து, பெட்டியை மூடி ஆணி அடித்து, மறுநாள் எல்லோர் முன்னாலும் ஒரு பொய் சொன்னாள். அவளுடைய வாழ்நாளில் அவள் சொன்ன பொய் அது ஒன்றாகத்தான் இருக்கும். அதை அவள் எனக்காகச் சொன்னாள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பொய்யைத்தான்.