ஜன்னலோரத்துக் குளிசைகள்

நஸீர் நானாவின் கடையை மூடவைக்காமல் ஓய்வதில்லை என்று என் அத்தான் முடிவெடுத்தது சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொழும்பில், வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனையில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போய், அக்கா கொடுத்த தேத்தண்ணியை நான் வாயில்கூட வைக்கவில்லை. அதற்குள் அத்தான் என் கையில் ஒரு கடிதத்தைத் திணித்தார்.

"வாசியும். பிழை இருந்தாச் சொல்லும்."

பிழையா? அத்தான் முப்பது வருடம் புதுக்கடை நீதிமன்றத்தில் கிளார்க்காக இருந்தவர். அவருடைய கடிதத்தில் காற்புள்ளிகூட சத்தியப்பிரமாணம் செய்துவிட்டுத்தான் உட்காரும்.

நாலு பக்கம். சாரம் இதுதான்: சந்தியில் பாமசி வைத்திருக்கும் நஸீர் நானா, மேற்படி முறைப்பாட்டாளருக்குப் போலி மருந்துக் குளிசைகளை விற்று, அன்னாரின் உயிருக்கு ஆபத்து விளைவித்துள்ளார். ஆகவே அவருடைய லைசென்ஸை ரத்துச் செய்ய வேண்டும்.

ஆதாரம்? அத்தானின் பிரஷர். மூன்று மாதமாக இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. காலையில் ஒன்று என்றிருந்த குளிசையை டொக்டர் காலையும் மாலையுமாக ஆக்கினார். அதற்கும் அசையவில்லை. இன்னும் இரண்டு கிழமை பார்ப்போம், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் படுக்கத்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

குளிசையின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் என் வாசகர்களில் பாதிப் பேர் நாளைக்கே அதை நிறுத்துவீர்கள். மீதிப் பேர் வாங்கத் தொடங்குவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

அக்கா குசினிக்குள் நின்று கண்ணைத் துடைத்தாள். எங்கள் அப்பா பிரஷர் ஏறி, ஒரு பக்கம் இழுத்து, பேச்சு நின்று விழுந்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். கிண்டலை எல்லாம் ஒரு பக்கம் வையுங்கள்... எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

"வேற கடையில வாங்கிப் பார்த்தீங்களா அத்தான்?"

"ஏன் வாங்கேல்லை? போன மாசம் வெள்ளவத்தையில வாங்கினனான். அதுவும் டூப்ளிகேட்."

"ரெண்டு கடையுமா?"

"அவங்களுக்குள்ள தொடர்பிருக்கு."

இரண்டு கடைக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் சதி என்று வந்த பிறகு அதெல்லாம் ஒரு தடையா என்ன?

கடிதத்தைத் தபாலில் போடாமல் இருக்க ஒரு வாரத் தவணை கேட்டேன். கெஞ்சியபின் கிடைத்தது. மருந்துகளைப் பரிசோதிக்கும் ஒரு ஆய்வுகூடத்தில் என் பள்ளித்தோழி ஜெரால்டின் வேலை செய்கிறாள். அவளிடம் கொடுத்துப் பார்ப்போம், குளிசையைத் தாருங்கள் என்றேன்.

அத்தான் எழுந்து ஜன்னலடிக்குப் போனார். துறைமுகப் பக்கத்து ஜன்னல், பின்னேர வெயில் நேரே வந்து விழும். அங்கே ஒரு பிளாஸ்டிக் பெட்டி, கண்ணாடி போலத் தெளிவானது. கனடாவில் இருக்கும் மகள் நாலு மாதத்துக்கு முன் அனுப்பியது. நாளுக்கொன்றாக முப்பத்தொரு அறைகள். மாதம் பிறந்தால் அத்தான் கார்ட் அட்டையில் இருக்கும் குளிசைகளை ஒன்றுவிடாமல் உடைத்தெடுத்து, திகதிவாரியாக அறைகளில் போட்டுவிடுவார். வழக்குக் கோப்பு அடுக்கிய கை சும்மா இருக்குமா?

"ஏன் ஜன்னல்ல வைச்சிருக்கிறீங்கள்?"

"வெளிச்சத்தில இருந்தாத்தானே கண்ணில படும்."

என்ன ஒழுங்கு என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளின் மூளை அவ்வளவுதான். பெட்டியிலிருந்து சில குளிசைகளையும், அடுத்த மாதத்துக்கென்று நஸீர் நானாவிடம் வாங்கி அலுமாரியில் வைத்திருந்த உடைக்காத கார்ட் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜெரால்டின் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, என்னையும் பக்கத்தில் நிற்கவிட்டாள். குளிசையைப் பொடியாக்கினாள், கரைத்தாள், வடித்தாள். விரலளவு சதுரக் குப்பியில் ஊற்றி, பழைய பிரிண்டர் மாதிரி இருந்த ஒரு இயந்திரத்துக்குள் வைத்தாள். அது ஒரு பக்கத்தால் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை விடுமாம். குளிசையில் இருக்கும் மருந்து அதில் தன் பங்கை உறிஞ்சிக்கொள்ளும். மறுபக்கம் எவ்வளவு வெளியே வந்தது என்று பார்த்தால் உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது என்று தெரிந்துவிடும். கெட்டுப்போன மருந்தும் உறிஞ்சும். ஆனால் அதே இடத்தில் அல்ல, அதே அளவிலும் அல்ல. இயந்திரம் இவ்வளவையும் ஒரு வளைகோடாக வரைந்து காட்டும். யாருக்கு யாரோடு தொடர்பு என்று அது கேட்பதில்லை.

திரையில் முதலில் சுத்தமான மருந்தின் கோடு. கார்ட்டில் இருந்த குளிசையின் கோடு அதன் மேலேயே போய்ப் படுத்துக்கொண்டது. பெட்டிக் குளிசையின் கோடு... மலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு. மேடு இருக்கக் கூடாத இடத்தில் இன்னொரு மேடு.

"கார்ட்ல உள்ளது சுத்தம்டி. பெட்டில உள்ளதுல பாதி மருந்துகூட இல்ல. ஒன்ட அத்தான் இத எங்க வெச்சிருந்தார்?"

"ஜன்னல்ல."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்போதுதான் கவனித்தேன்: அந்த அறையில் பாதி விளக்கு அணைக்கப்பட்டிருந்தது, குப்பிகளைச் சுற்றி வெள்ளித்தாள்.

"இது வெளிச்சம் பட்டா செத்துரும்டி. கார்ட்ட திருப்பிப் பாரு."

திருப்பினேன். ஒளி படாத இடத்தில் வைக்கவும். மும்மொழியிலும் இருந்தது. முப்பது வருடம் சின்ன எழுத்துகளை வாசித்தே சம்பளம் வாங்கிய மனிதர், தன் உயிரைக் காக்கும் ஒரு வரியை மட்டும் வாசிக்கவில்லை.

வருகிற வழியில் நஸீர் நானாவின் கடையில் இறங்கி விஷயத்தைச் சொன்னேன். கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அவருடைய முகம் மாறிவிட்டது.

"மிஸ், ஐயாட்ட இப்பவே சொல்லுங்க. செத்த குளிசைக்கித்தான் டொக்டர் ரெண்டாக்கி ஈக்கிறார். புதுக் கார்ட்ல ரெண்டு போட்டா பிரஷர் ஒரேயடியா எறங்கிரும். ஐயா மயங்கி விழுந்துருவார். டொக்டர்ட்ட கேக்காம ஒண்ணும் போட வாணாம்."

இந்த மனிதரின் பிழைப்பில் மண் போடத்தான் அங்கே நாலு பக்கம் தயாராக இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அத்தான், நான் கொண்டுபோன வளைகோட்டுப் படத்தை வாங்கி, குறுக்கு விசாரணையைத் தொடங்கினார்.

"இந்த மெஷின் சரியெண்டு ஆர் செக் பண்ணினது?"

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அத்தனை குளிசைகளையும் குப்பையில் கொட்டினாள். கடிதத்தையும் அதற்கு மேலேயே போட்டாள். அப்பீல் கிடையாது.

அன்றைக்கே டொக்டரிடம் போனார்கள். பழையபடி ஒரே ஒரு குளிசை, அதுவும் நேராகக் கார்ட்டிலிருந்து. இப்போது பிரஷர் நல்ல பிள்ளையாக இறங்கி நிற்கிறது. அக்கா நிம்மதியாகத் தூங்குகிறாள். அத்தான் நஸீர் நானாவின் கடைக்குப் போய், தேவையில்லாமல் மூன்று சோப்புக் கட்டி வாங்கிக்கொண்டு வந்தார். அவருடைய அகராதியில் மன்னிப்பு என்பது அதுதான்.

முந்தாநாள் மகள் கனடாவிலிருந்து வீடியோவில் வந்தாள். தான் அனுப்பிய பெட்டியால்தான் இவ்வளவும் என்று பிள்ளைக்குக் கவலை. அத்தான் ஒரே போடாகப் போட்டார்:

"சேச்சே... பெட்டி முதல்தரம், பிள்ளை. இஞ்சத்தை வெயில்தான் சரியில்லை."

நஸீர் நானா விடுதலை. சூரியன் விளக்கமறியல் காவலில்.