வடவாசல் இளவரசர்

எங்கள் பெரியப்பா ஓர் இளவரசர். சிரிக்காதீர்கள், அவருடைய அடையாள அட்டையிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. பட்டம்: வடவாசல் இளவரசர். தொழில்: தையல்.

சரித்திரத்தில் கலகப் பாடத்தைப் பரீட்சையில் கோட்டை விட்டவன் நான். ஆனாலும் இதுமட்டும் தெரியும். கலகக்காரர்கள் அரண்மனையின் மூன்று வாசல்களைப் பிடித்தார்கள். நாலாவதற்குள் இரு தரப்பும் களைத்துப்போய் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அரண்மனை மின்சார ஆபீஸ் ஆனது, அரசருக்கு மாடியில் இரண்டு அறை மிஞ்சியது. அன்றைய இளவரசர் வடக்கு வாசல் வழியாக ஓடினவர்தான், திரும்பவேயில்லை. அதனால் ஒரு சட்டம். அடுத்த அரசராக வரப்போகிறவர் தினமும் காலை ஒன்பது மணிக்கு அதே வாசலில் நின்று, ஓடவில்லை என்று பதிவேட்டில் கைநாட்டு வைக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் பட்டம் அடுத்த பங்காளி தலையில் விழும். அவர் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அரசர் இருக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டவும் முடியாது.

அரசருக்குத் தொண்ணூற்று மூன்று வயது, பிள்ளையில்லை. பெரியப்பாவுக்கு அடுத்த பங்காளி என் அப்பா. அப்பா ஓட்டுவது லாரி.

வடக்கு வாசல் இப்போது சைக்கிள் ஸ்டாண்ட். பெரியப்பா நாலு சைக்கிளை நகர்த்திவிட்டு நிற்பார். அரசரின் மாடி ஜன்னல் திறந்து ஒரு கை வெளியே வந்து அசையும், உள்ளே போய்விடும். அது மரக்கை, குச்சியில் கட்டி ஆட்டுகிறார்கள் என்று நான் புரளி கிளப்பிப் பார்த்தேன். "இருக்கும்டா, நகமே வளர மாட்டேங்குது" என்றார். ஒருமுறை மைப்பெட்டியில் பச்சை மையை ஊற்றி வைத்தேன். ஒரு வாரம் பச்சைக் கட்டைவிரலோடு தைத்தார், யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கடையிலும் கிண்டல்தான். "இளவரசே, இடுப்புல ரெண்டு இஞ்ச் விட்டுக் குடுங்க" என்பார்கள். "வேற எதை விட்டுக் குடுக்க முடியுது என்னால" என்று கத்திரியை எடுப்பார்.

பெரியம்மாவுக்குத் துறைமுக நகரத்தில் வேலை கிடைத்தபோது அவர்கள் மகளான அக்காவுக்கு நாலு வயது. ரயிலில் அங்கே போக ஒரு முழு நாள் பிடிக்கும். அவர்கள் போனார்கள், பெரியப்பா ரயிலடியோடு நின்றார். அதன்பிறகு வருஷத்துக்கு ஒருமுறை அக்கா தன் அளவுகளை எழுதி அனுப்புவாள், அவர் சட்டை தைத்துத் தபாலில் போடுவார். மகள் வளர்ந்ததையெல்லாம் இஞ்ச் கணக்கில்தான் பார்த்தார். இந்த வருஷக் கடிதத்தில் இடுப்பு இருபத்திரண்டு என்று இருந்தது.

"போன வருஷம் இருபத்தாறு" என்றார்.

பத்து நாள் கழித்து எங்கள் வீட்டுக்குப் பெரியம்மாவின் போன் வந்தது. அக்காவுக்கு ரத்தத்தில் நோய், டாக்டர் ஒரு வாரம் கெடு சொல்லிவிட்டார், அவள் அப்பாவைப் பார்க்கக் கேட்கிறாள்.

அன்று சாயங்காலம் பெரியப்பா எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"போய்ட்டு வரட்டுமாடா?"

அப்பா லாரிச் சாவியை மேஜைமேல் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"என்னங்க, வாயத் தொறந்து ஏதாவது சொல்லுங்க" என்றாள் அம்மா.

அப்பா சொல்லவில்லை. நானும்தான். எதற்கெடுத்தாலும் வாயடிக்கிற எனக்கு அன்றைக்குப் பார்த்து ஒன்றும் வரவில்லை. அப்பாவுக்கு அடுத்த பங்காளி நான்.

"சும்மாதான் கேட்டேன். நாளைக்கு எத்தனை மணிக்கு லோடு?" என்று பெரியப்பா பேச்சை மாற்றினார்.

மறுநாள் அவர் பதிவேட்டுக்காரரிடம் கெஞ்சியதைப் பார்த்தேன்.

"ரெண்டு நாளுக்கு முன்கூட்டியே கைநாட்டு வெச்சுட்டுப் போறேனே?"

"நாளைக்கு நீங்க ஓட மாட்டீங்கன்னு இன்னிக்கே நான் எப்படி இளவரசே எழுதுவேன்?"

இருபத்திரண்டு இஞ்ச் சட்டையைத் தைத்துத் தபாலில் போட்டார். தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து போனில் பேசினார். அக்காவின் குரல் பக்கத்தில் நிற்கிற எனக்கும் கேட்கும்.

"அந்தக் கை இன்னும் ஆடுதாப்பா?"

"ஆடுதும்மா."

"நீங்களும் திருப்பி ஆட்டுவீங்களா?"

"அதுக்கு உத்தரவு இல்லம்மா."

ஏழாம் நாள் காலை எட்டரைக்குப் போன் அடித்தது. ரிசீவரைப் பெரியப்பாதான் எடுத்தார். பெரியம்மாவின் அழுகை மட்டும் கேட்டது. முடிந்ததும் ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்தார்.

அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார், பட்டன் எல்லாம் ஒன்று தள்ளித் தள்ளி. "அண்ணே, நீங்க ரயிலுக்குக் கிளம்புங்க. இனிமே நான் நிக்கிறேன்."

பெரியப்பா கிட்டே வந்து தம்பியின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டார்.

"இனிமே எதுக்குடா? நீ போய் லோடை எடு."

நான் பின்னாலேயே போனேன். வழக்கம்போல நாலு சைக்கிளை நகர்த்தினார். ஒன்பது அடித்தது, ஜன்னல் திறந்தது, கை அசைந்தது. அன்றைக்குப் பெரியப்பாவும் கையைத் தூக்கி அசைத்தார். ஜன்னலைப் பார்த்து இல்லை, ரயிலடி இருக்கிற பக்கம் திரும்பி. வெகுநேரம் அசைத்தார்.

பதிவேட்டுக்காரர் குனிந்தபடியே மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். பெரியப்பா கட்டைவிரலை ஒற்றிவிட்டுக் கடை திறக்கப் போனார்.