பிள்ளைக்குப் பின்னால் நின்ற கப்பல்

துறைமுகப் பக்கத்தில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கு அந்தப் பெரியவர் ஒருநாள் காலை வந்தார். கமராவின் மெமரி கார்டைக் கைக்குட்டையில் முடிந்திருந்தார். வீதியில் படையினரின் சப்பாத்துச் சத்தம் கேட்டால் உடனே திரும்பிப் பார்த்தார்.

அவருடைய பேத்தியின் பிறந்தநாள் படங்களைக் கணினிக்கு மாற்றினேன். ஒரு படத்தில் பிள்ளைக்குப் பின்னால் கடற்படைக் கப்பல் நின்றது.

"அதை அழியுங்கோ தம்பி."

"பிள்ளை வடிவாச் சிரிக்குது ஐயா. சண்டை முடிஞ்சிட்டுது, கப்பலை ஏன் படமெடுத்தனீங்கள் எண்டு இப்ப ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

"பிறகு கேட்டா?"

கார்டிலும் கணினியிலும் அழித்தேன்.

"உங்கட கொம்பியூட்டர் மறந்திட்டுதோ?"

"ஓம் ஐயா."

அவர் நம்பாமலே போனார். பிறகு கணினியின் குப்பைக்கூடையைத் திறந்தேன். பிள்ளை அங்கே சிரித்துக்கொண்டிருந்தாள். அழிக்க மனம் வரவில்லை.

இப்போது வீதியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் நானும் திரும்பிப் பார்க்கிறேன்.